ஒரு ஹாஷ், ரெண்டு ஸ்டார், ஒரு கரிசல் அகராதி

வரியின் தொடக்கத்தில் ஒரு # குறி. ஓர் இடைவெளி. அப்புறம் ‘பருத்திமார்’ என்ற சொல். அவ்வளவுதான், தலைப்பு தயார்! மௌஸைத் தேட வேண்டாம். சொல்லைப் பிடித்து இழுத்து நீலமாக்க வேண்டாம். திரையின் உச்சியில் வரிசை கட்டி நிற்கிற பொத்தான்களில் எழுத்தைப் பெரிசாக்குவது எது, தடிப்பாக்குவது எது என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டாம். விரல் தமிழில் ஓடுகிற வேகத்திலேயே தலைப்பும் ஓடிவந்து உட்கார்ந்துகொள்கிறது. இதற்கு மார்க்டவுன் என்று பெயர். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் கணக்கு எழுதியே தலை நரைத்த ஆள் நான். இதன்மேல் எனக்கு வந்திருக்கிற பித்தை வீட்டில் யாரும் ரசிக்கவில்லை. அதனால் உங்களைப் பிடித்து உட்கார வைத்துச் சொல்கிறேன்.

எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. கரிசல் காட்டுச் சொற்களைப் பொறுக்குவது. கயத்தாறு, கழுகுமலை, பசுவந்தனை, விளாத்திகுளம் என்று எந்தப் பக்கம் போனாலும் கிழவர் கிழவிகள் பேசுகிற இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். இந்தக் கிறுக்கை எனக்கு ஏற்றிவிட்டவர் கி. ராஜநாராயணன். எங்கள் ஊரிலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கிற இடைசெவல்காரர். 1982-ல் அவர் கொண்டுவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதிதான் தமிழில் அந்த வகைக்கு முன்னோடி. பல்கலைக்கழகம் செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு சம்சாரி செய்து முடித்தார். 2021-ல் அவர் காலமாகும்வரை அந்தக் காது மூடவே இல்லை. அதே இடைசெவலிலிருந்து கு. அழகிரிசாமியும் வந்திருக்கிறார். ஒரே சிற்றூரில் ரெண்டு பேர்! அந்த மண்ணில் என்ன போட்டார்களோ!

அவர் வழியில் நானும் ஒரு அகராதி சேர்க்கிறேன். அகராதிக்குச் சொல் சேர்ப்பது சுகமான வேலை. அதைக் கணினியில் ஒழுங்கு பண்ணுவதுதான் பாடு. ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், ‘படப்பு’. முதலில் சொல், அது பளிச்சென்று தெரிய வேண்டும். அடுத்து பொருள்: சோளத்தட்டையையோ வைக்கோலையோ மழைக்குத் தாங்குகிற மாதிரி அடுக்கி வைத்திருப்பது. அடுத்து, யாராவது அதைச் சொன்ன வாக்கியம், அவர் வாயில் வந்தபடியே. அது என் வாக்கியம் இல்லை என்பது பார்த்தவுடனே தெரிய வேண்டும். அடுத்து எந்த ஊர் வழக்கு என்பது. கடைசியில் ‘தட்டை என்ற சொல்லையும் காண்க’. ஒரே ஒரு சொல்லுக்குள் ஐந்து விதமான சரக்கு, ஐந்துக்கும் ஐந்து கோலம். பொத்தானை அமுக்கி அமுக்கி இதைச் செய்துகொண்டிருந்தால், ‘க’ வரிசை முடிவதற்குள் நான் முடிந்துவிடுவேன்.

தங்கச்சி மகள் தீபாவளிக்கு வந்திருந்தாள். இன்ஜினியரிங் படிக்கிறவள். பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“மாமா, இதென்ன, ஒரு வரி அடிக்கதுக்கு நாலு தடவை மௌஸைப் பிடிக்கீங்க?”

“பின்னே தடிப்பா எப்படித் தெரியும்?”

“தடிப்பா தெரியணும்னு எழுதியே காட்டிருங்க. கம்ப்யூட்டர் பாத்துக்கிடும்.”

எழுதியே காட்டுவது! அடடா, அந்த ஒரு வார்த்தைக்கு அவளுக்குத் தங்கச் சங்கிலி போட்டிருக்கலாம். (அரைக் கிலோ கடலைமிட்டாயோடு நிறுத்திக்கொண்டேன். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. கௌரவத்துக்குக் குறைச்சல் இல்லை.)

அவள் நோட்பேடைத் திறந்தாள். எந்த அலங்காரமும் இல்லாத வெறும் எழுத்துக் கோப்பு. சொல்லுக்கு முன்னால் # போட்டாள், தலைப்பு. ‘பெயர்ச்சொல்’ என்பதன் இரண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு ஸ்டார் போட்டாள், தடிப்பு. ஒற்றை ஸ்டார் போட்டால் சாய்வு. வரியின் தலையில் > என்ற கூர்முனைக் குறியைப் போட்டுவிட்டு, படப்பைப் பற்றி ஒரு பாட்டி சொன்ன வாக்கியத்தை எழுதினாள். அது மேற்கோள். வரியின் தலையில் ஒரு சின்னக் கோடு போட்டால் பட்டியல். ஒரு வரி காலியாக விட்டால் புதுப் பத்தி. பாடம் முடிந்துவிட்டது. டீ ஆறுவதற்குள் முடிந்த ஒரே கணினிப் பாடம் என் வாழ்க்கையில் இதுதான்.

இதைச் செய்தவர்கள் யார் என்று தேடிப் படித்தபோது இன்னும் தலை சுற்றியது. ஜான் குரூபர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2004-ல் வெளியிட்டார். கூட நின்று உருவாக்கியவர் ஆரன் ஸ்வார்ட்ஸ். அப்போது அந்தப் பையனுக்கு வயசு பதினேழு! நம்மூரில் பிளஸ் டூ பரீட்சைக்குக் கோனார் உரை மனப்பாடம் பண்ணுகிற வயசு. தலைப்புக்கு ஹாஷ் போடுவது அவன் 2002-லேயே ஏடிஎக்ஸ் என்று தனியாகச் செய்து வைத்திருந்த முறையிலிருந்து வந்தது. மேற்கோளுக்குக் கூர்முனைக் குறி போடுவதும், அழுத்தத்துக்கு ஸ்டார் போடுவதும் மின்னஞ்சலில் ஜனங்கள் தாங்களாகவே பழகி வைத்திருந்தவை. புதிதாக எதையும் திணிக்கவில்லை. ஏற்கெனவே கையில் இருந்த பழக்கத்தைத்தான் ஒழுங்குபடுத்தினார்கள். குறி போட்ட கோப்பை அப்படியே வாசித்தாலும் கண்ணை உறுத்தக் கூடாது என்பதுதான் குரூபரின் பிடிவாதம். இணையப் பக்கம் எழுதுகிற ஹெச்டிஎம்எல்-லில் ஒரு சொல்லைத் தடிப்பாக்க முன்னும் பின்னும் முள்வேலி மாதிரி அடைப்புகள் கட்ட வேண்டும், நடுவில் சொல் மூச்சுத் திணறிக்கொண்டு கிடக்கும். இதில் ஸ்டார்கள் ஓரமாக நிற்கின்றன, சொல் சொல்லாகவே இருக்கிறது. ஆரன் 2013-ல் இருபத்தாறு வயசில் இறந்துபோனான். அந்தப் பையன் போட்டுவைத்த ஹாஷை இன்றைக்கு ஒரு தீப்பெட்டி ஆபீஸ் கணக்கன் பருத்திமாருக்கு முன்னால் போட்டுக்கொண்டிருக்கிறான்.

யோசித்துப் பார்த்தால் இது நமக்கு அந்நியமே இல்லை. பழைய கணக்கு நோட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருசத்துக்கு ௵, மேற்படிக்கு ௸, வரவுக்கு ௷, பற்றுக்கு ௶. எழுத்தோடு எழுத்தாக ஒரு சுழி; பார்த்தவுடன் இது தேதி, இது வரவு என்று பிரிந்துவிடும். கணக்குப்பிள்ளை எந்தப் பொத்தானைத் தேடினார்? இந்தக் குறிகளை 2003-ல் யூனிகோடிலும் சேர்த்துவிட்டார்கள், இந்தக் கட்டுரையில் அவற்றை நான் அடிக்க முடிகிறதே அதனால்தான். அச்சகத்திலும் இதே கதை. கையெழுத்துப் பிரதியில் ஒரு சொல்லுக்குக் கீழே நெளிகோடு போட்டால் கம்பாசிட்டர் தடிப்பெழுத்துப் பெட்டிக்குக் கையை விடுவார். கோணங்கியின் ‘கல்குதிரை’ வந்த ஊர் இது, சிற்றிதழ்க்காரர்கள் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் புரூஃப் திருத்திய ஊர். அவர்களுக்கு நான் மார்க்டவுனை விளக்கவே வேண்டியதில்லை.

இனி நான் விழுந்து கும்பிடுகிற இடம். இந்தக் குறிகள் ஒரு சொல் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்வதே இல்லை. அது என்ன என்று மட்டும் சொல்கின்றன. ஆட்டுக்குக் காதில் போடுகிற வெட்டு மாதிரி: யார் வீட்டு ஆடு என்று தெரிந்தால் போதும், எந்தப் பட்டியில் எப்படி அடைப்பது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ‘இது தலைச்சொல்’, ‘இது அடுத்தவர் வாய்மொழி’, ‘இது வட்டாரச் சொல்’. எழுதும்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், எழுத வேண்டியதும் அவ்வளவுதான். தலைச்சொல் சிவப்பா கறுப்பா, பதினாறு புள்ளியா பதினெட்டா என்பதெல்லாம் அச்சுக்குப் போகிற அன்றைக்கு. அதுவரை என் மனசு சொல்லை விட்டு நகர்வதில்லை. எழுத்தின் அளவைக் கூட்டிக் குறைத்து அழகு பார்த்த சாயங்காலங்களை எல்லாம் இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

தமிழுக்கு இது ஒரு வரப்பிரசாதம் என்றே சொல்வேன். சாய்வெழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் சாய்வெழுத்து என்பது பெரும்பாலும் நேரான எழுத்தை இயந்திரம் பிடித்துத் தள்ளிவிட்ட கோலம்தான்; ‘ணை’யும் ‘ழூ’வும் சாய்ந்தால் பார்க்கச் சகிக்காது. எங்கள் ஊர் அச்சகத்தில் சாய்ந்த தமிழெழுத்தை நான் பார்த்ததே இல்லை. மார்க்டவுனில் நான் ஒற்றை ஸ்டார் போடுகிறேன், ‘இது வட்டாரச் சொல்’ என்ற அர்த்தத்தில். வெளியே எடுக்கும்போது அதைச் சாய்க்காதே, வேறு நிறம் கொடு என்று ஒரே ஒரு இடத்தில் சொல்லிவிட்டால் புத்தகம் முழுக்க மாறிவிடுகிறது. அடிக்கோட்டுக்கு இதில் குறியே கிடையாது. ரொம்ப நல்லது! தமிழில் அடிக்கோடு போட்டால் ‘ரு’வின் வாலையும் ‘ஞ’வின் மடியையும் அறுத்துக்கொண்டு போகும்.

ஒட்டு விகுதிகள் இன்னொரு சேதி. நாம் சொல்லோடு சொல்லை ஒட்டி எழுதுகிறவர்கள். ‘கந்தகம்தான்’ என்பதில் கந்தகத்தை மட்டும் தடிப்பாக்கி ‘தான்’ என்பதைச் சும்மா விட வேண்டும். ஸ்டார் போட்டால் சொல்லின் நடுவிலும் கச்சிதமாக வேலை செய்கிறது. கீழ்க்கோடு என்கிற அண்டர்ஸ்கோரையும் அழுத்தத்துக்குப் போடலாம் என்று விதி இருந்தாலும், இப்போதைய முறையில் அது சொல் நடுவில் செல்லாது. ஆகவே தமிழர்களே, ஸ்டாரைப் பிடியுங்கள்.

தட்டச்சில் ஒரு சின்ன முள் உண்டு. 1999-ல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையில் பழகியவன் நான். அதில் சதுர அடைப்பு இருக்கிற இரண்டு விசையிலும் ‘ச’வும் ‘ஞ’வும் குடியிருக்கின்றன. இணைப்பு கொடுக்கச் சதுர அடைப்பு வேண்டும். அதற்கு ஒரு கணம் ஆங்கிலத்துக்குத் தாவித் திரும்ப வேண்டும். ஹாஷும் ஸ்டாரும் எண் வரிசையின் மேல்மாடியில் பத்திரமாக இருக்கின்றன, தமிழிலிருந்தபடியே அடிக்கலாம். ‘காண்க’ இணைப்புகளை நான் எல்லாம் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் மொத்தமாகப் போடுவது இதனால்தான்.

எண் பட்டியலைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கைத்தீப்பெட்டி வேலையின் சொற்களுக்குத் தனிப் பகுதி வைத்திருக்கிறேன். கட்டை அடுக்குவது, மெழுகு முக்குவது, மருந்து முக்குவது, காய வைப்பது, பெட்டிக்குள் அடைப்பது, பக்கத்து மருந்து பூசுவது, லேபிள் ஒட்டுவது, பண்டல் போடுவது என்று வரிசை. எல்லா வரிக்கும் முன்னால் ‘1.’ என்றே போடலாம்! ஆமாம், எல்லாவற்றுக்கும் ஒன்று. வெளியே வரும்போது அதுவே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொள்கிறது. கட்டை அடுக்கியே விரல் தேய்ந்த ஒரு அக்கா வந்து, “நடுவில குச்சியைச் சலிச்சு எடுக்கதை விட்டுட்டீகளே அண்ணாச்சி” என்றால், நடுவில் ஒரு வரியைச் செருகினால் போதும். கீழே உள்ள எண் எதையும் திருத்த வேண்டாம். கணக்குப் பேரேட்டில் நடுவில் ஒரு வரி விட்டுப்போனால் என்ன கூத்து நடக்கும் என்று அறிந்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

சேட்டைகளும் உண்டு, மறைக்க மாட்டேன். ஒரு வரியை ‘1982.’ என்று ஆரம்பித்தால் அதைப் பட்டியல் எண் என்று நினைத்துக்கொண்டு வரியை உள்ளே தள்ளிவிடும். சில மென்பொருள்கள் அதை 1 என்றே மாற்றியும் விடும். புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டால் அடங்கிவிடுகிறது. தாலாட்டு, ஒப்பாரி எழுதினால் வரிகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பத்தியாக்கிவிடும். ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு இடைவெளி விட்டால்தான் பாட்டு பாட்டாக நிற்கும். அந்த இரண்டு இடைவெளி கண்ணுக்குத் தெரியாது என்பது எனக்குப் பிடிக்காத சங்கதி. அட்டவணை போடச் செங்குத்துக் கோடுகளால் கட்டம் கட்ட வேண்டும். அது மூலத்தில் இல்லாதது, பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. ஆங்கிலத்தில் அந்தக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக நிற்கும். தமிழில் ‘ர’ ஒல்லி, ‘ணௌ’ குண்டு. கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, குதிரைவாலி என்று பயிர் அட்டவணை போட்டால் கோடுகள் கோணல்மாணலாக ஓடும். பயப்படாதீர்கள், வெளியே வரும்போது கட்டம் சதுரமாகத்தான் வரும்.

இதைச் சொன்னால் ஜனங்கள், “நமக்கெதுக்கு கம்ப்யூட்டர் வித்தை” என்கிறார்கள். அட, நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதுதானே! வாட்ஸப்பில் 2016-லிருந்தே ஸ்டார் போட்டால் தடிப்பு, அண்டர்ஸ்கோர் போட்டால் சாய்வு. 2024-ல் பட்டியலும் மேற்கோளும்கூட வந்துவிட்டன. எனக்குக் கடலைமிட்டாய் கொடுக்கிற அண்ணாச்சி மொத்த வியாபாரிகளுக்கு அனுப்புகிற விலைப்பட்டியலில் விலையெல்லாம் தடிப்பாக மின்னும். எப்படி அண்ணாச்சி என்றேன். “ரெண்டு பக்கமும் ஸ்டாரு, பையன் சொல்லிக் குடுத்தான்” என்றார். அவருக்கு மார்க்டவுன் என்ற பேரே தெரியாது, வித்தை தெரிகிறது. ஒரே வித்தியாசம், வாட்ஸப்பில் தடிப்புக்கு ஒற்றை ஸ்டார், மார்க்டவுனில் இரட்டை.

இந்த மாதிரி ஆளுக்கொரு வழக்கு இருப்பதும் எனக்குப் பிடித்தே இருக்கிறது, வட்டார வழக்குப் பித்தன் இல்லையா! 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் போய் ஸ்டார் போட்டால் பட்டியல் ஆகும். தடிப்புக்கு அங்கே மூன்று மேற்கோள் துளிகள், தலைப்புக்கு இரண்டு பக்கமும் சமக்குறிகள். மார்க்டவுனுக்குள்ளேயே ஊருக்கொரு பேச்சு பெருகி, 2014-ல் சிலர் கூடி இலக்கணம் வகுத்தார்கள். அதற்கு ‘ஸ்டாண்டர்டு மார்க்டவுன்’ என்று பெயர் வைக்கப் போக, குரூபர் ஒத்துக்கொள்ளவில்லை. காமன்மார்க் என்று மாற்றிக்கொண்டார்கள். செந்தமிழுக்கும் கொச்சைக்கும் நடக்கிற அதே சண்டை! கி.ரா. கேட்டிருந்தால் மீசைக்குள் சிரித்திருப்பார்.

அந்த இலக்கணக்காரர்களில் ஒருவர் ஜான் மெக்ஃபார்லேன். பெர்க்லியில் தத்துவப் பேராசிரியர். அவர் 2006-ல் கொண்டுவந்த பாண்டாக் என்ற இலவச மென்பொருள்தான் என் கதையின் உச்சக் காட்சி. என் வெறும் எழுத்துக் கோப்பை அதனிடம் கொடுத்தேன். ஒரே ஒரு கட்டளை வரி. மின்நூலாக வந்துவிட்டது! பக்கவாட்டில் பொருளடக்கம், தொட்டால் அந்தச் சொல்லுக்குத் தாவுகிறது. வேறொரு கட்டளை, வேர்டு கோப்பு. இன்னொன்று, இணையப் பக்கம். பிடிஎஃப் மட்டும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டது; தமிழ் எழுத்துரு இன்னது என்று பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டும், நோட்டோ செரிஃப் தமிழ் என்று சொன்னபின் படிந்தது. நான் இருக்கையை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். கணக்கு நோட்டு எழுதிய கைக்குப் புத்தகம் முளைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு ராத்திரியே அதை வாட்ஸப்பில் மருமகளுக்கு அனுப்பி, துபாயில் இருக்கிற மச்சினனுக்கும் அனுப்பி, பக்கத்து வீட்டுக்காரரைக் கதவைத் தட்டிக் கூப்பிட்டும் காட்டினேன். அவர் கொட்டாவி விட்டார். விடட்டும்.

எடையும் இல்லை தெரியுமா? ஒரு தமிழ்க் குறியீடு இந்தக் கோப்பில் மூன்று பைட். ஒரு லட்சம் குறியீடு அடித்தாலும் மூன்று லட்சம் பைட்தான். பேரன் செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோவைவிடச் சின்னது. எந்தக் கணினியிலும் திறக்கும், எந்தக் கைபேசியிலும் திறக்கும். பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த சாமான்களை இன்றைக்குத் திறந்தால் ஆங்கிலமும் குப்பையுமாகக் கொட்டுகிறதே, அந்தப் பாடு பட்டவர்கள் சிவகாசி, கோவில்பட்டி டிடிபி கடைகளில் எத்தனை பேர்! இது வெறும் யூனிகோடு எழுத்து, நடுவில் நாலு குறி. குறியைப் புரிந்துகொள்கிற மென்பொருளே இல்லாமல் போனாலும் மனுசன் வாசித்துக்கொள்வான்.

இப்போது ‘ம’ வரிசையில் நிற்கிறேன். மானாவாரி வந்துவிட்டது. எங்கள் காட்டில் அது சொல் இல்லை, வாழ்க்கை. ஒரு ஹாஷில் அடங்குமா? # மானாவாரி. அதன்கீழ் ## கோடை உழவு, ## புரட்டாசி விதைப்பு. மழை என்று ஆரம்பித்ததும் ### ஆகிவிட்டது. தூறலுக்கு ஒரு பேர், ஊறலுக்கு ஒரு பேர், விதைப்புக்குக் காணாத மழைக்கு ஒரு பேர். பசுவந்தனைப் பக்கம் ஒரு பெரியவர் மழைச் சொற்கள் நிறைய வைத்திருக்கிறாராம், இந்த வாரம் பஸ் ஏறுகிறேன். மார்க்டவுனில் ஆறு ஹாஷ் வரைக்கும்தான் அனுமதி. அவர் பேச ஆரம்பித்தால் ஆறு போதுமா என்பதுதான் என் கவலை.